உங்க கார்டு என்ன வேலை பார்க்குது?

"கார்டு இருக்கா தம்பி?"

கோவை கொடிசியா வளாகத்தில் ஒரு மெஷின் கண்காட்சி. அப்போ நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்கி, நோட்டீஸ் பொறுக்கி, ஓசி சாக்லேட் தின்றுகொண்டு திரிந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். ஒரு ஸ்டாலில் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பம்ப் இம்பெல்லர் பற்றி நாலு கேள்வி கேட்டேன். பதில் சொன்ன பெரியவர்தான் அந்தக் கம்பெனிக்கே முதலாளி என்பது எனக்குத் தெரியாது. கேள்விகள் அவருக்குப் பிடித்துப்போச்சு. கிளம்பும்போது கேட்டார் பாருங்க, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

நம்மகிட்ட ஏது கார்டு? கழுத்தில் தொங்கின காலேஜ் ஐ.டி.யைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது. அவர் போன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது, மிஸ்டு கால் கொடுக்கவும் வழியில்லை. அசடு வழிந்தபடி ஒரு நோட்டீஸின் ஓரத்தைக் கிழித்து நம்பர் எழிதிக் கொடுத்தேன். மனுஷர் கூப்பிடவே இல்லை. 'பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான்' என்று ஹாஸ்டலில் நாலு நாள் புலம்பிவிட்டு மறந்தும் போனேன்.

ரெண்டு வருஷம் கழித்து அதே வளாகம், அதே பெரியவர். போய் ஞாபகப்படுத்தினேன். "கூப்பிட்டேனே தம்பி! யாரோ ஒரு அம்மா எடுத்து, அப்படி யாரும் இங்க இல்லைன்னு திட்டிட்டு வெச்சுட்டாங்க. ட்ரெய்னி ஒருத்தர் வேணும்னுதான் கூப்பிட்டேன்" என்றார். என் கையெழுத்தில் 7-க்கும் 1-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதுவரை என் கணக்கு வாத்தியார் மட்டுமே அனுபவித்த விஷயம் அது!

அந்த வாரமே விசிட்டிங் கார்டு அடிச்சேன். அதிலும் சொதப்பினேன். அந்தக் கதை பின்னால் வருது.

"வேலை கிடைக்கட்டும், கம்பெனியே கார்டு கொடுக்கும்"னு நீங்க நினைக்கலாம். அந்தக் கார்டு கம்பெனியைப் பற்றிப் பேசும், ஓரத்தில் உங்க பேரும் இருக்கும். அப்பா பேரைச் சொன்னாலே கதவு திறக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார்டே வேண்டாம். யாரையும் தெரியாமல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, கண்காட்சி, சிம்போசியம், இன்டர்ன்ஷிப் என்று ஒவ்வொரு வாசலிலும் தானே போய் அறிமுகம் சொல்லிக்கொள்ள வேண்டிய ஆளுக்குத்தான் கார்டு தேவை. அது நாமதான் பாஸ்.

மோட்டார் ரூம் பாடம்

டிசைன் கற்றுக்கொள்ள ஃபாரின் வெப்சைட்டுகளை மேய்வதற்கு முன்னாடி, ஏதாவது ஒரு கிராமத்தில் கிணற்று மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பாருங்க. ஸ்டார்ட்டர் பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரரின் பேரும் நம்பரும். ஆயில் கறை, பல்லி எச்சம், பாதி கிழிசல். ஆனால், ராத்திரி மும்முனைக் கரன்ட் வருகிற நேரத்தில் மோட்டார் புகைந்து நின்றுபோனால், டார்ச் லைட்டோடு ஓடி வருகிற விவசாயியின் கண்ணில் முதலில் படுவது அந்த நம்பர்தான். வேலை எந்த இடத்தில் தேவைப்படுமோ, அந்த இடத்திலேயே போய்க் குடியிருக்கிறது அந்த ஸ்டிக்கர். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற தண்ணி கேன் காரரின் காந்தமும் அதே ரகம்.

தொழிலைக் காட்டுகிற கார்டுன்னா கேமராக்காரர் கார்டில் கேமரா படம், டாக்டர் கார்டில் ஸ்டெதஸ்கோப் படம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது கடை போர்டு. உங்க வேலையில் ஒரு சிட்டிகையை அந்தக் கார்டே செய்து காட்டணும். அப்பதான் வாங்கினவர் அதைத் தூக்கிப் போட யோசிப்பார்.

அமெரிக்காவில் கெவின் மிட்னிக் என்று ஒருத்தர் இருந்தார். கம்ப்யூட்டர் ஹேக்கராக மாட்டி ஜெயிலுக்குப் போய், 2000-ல் வெளியே வந்து, அப்புறம் அதே கம்பெனிகளுக்கு செக்யூரிட்டி ஆலோசகராக மாறினவர். 2023-ல் காலமானார். அவருடைய கார்டு மெல்லிய உலோகத் தகடு. அதில் வெட்டி வைத்திருக்கும் துண்டுகளைப் பெயர்த்து எடுத்தால், பூட்டைத் திறக்கிற கம்பிகள்! 'உங்க பூட்டை உடைச்சுப் பார்த்து ஓட்டை எங்கேன்னு சொல்றவன் நான்' என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? நாம இதை அடித்தால் அண்ணா நகர் போலீஸ் ஸ்டேஷனில் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அது வேற விஷயம்.

செத்துப்போன ஹைடெக்

ஹைடெக் கார்டுன்னு சொன்னதும் குதிக்காதீங்க. இந்த ஊரில் சுடுகாடும் பெரிசு. 2000-களின் தொடக்கத்தில் சி.டி. கார்டு வந்தது. விசிட்டிங் கார்டு வடிவத்தில் வெட்டின குட்டி சி.டி., சுமார் 50 எம்.பி. கொள்ளும். அன்றைக்கு அதைக் கொடுத்தவர் கெத்து. இன்றைக்கு உங்க லேப்டாப்பில் சி.டி. போடுகிற தட்டு இருக்கா? அதற்கும் முன்னால் 1990-களின் கடைசியில் பாம் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர்கள். ரெண்டையும் எதிரெதிரே பிடித்தால் இன்ஃப்ராரெட் வழியாகக் கார்டு பறக்கும். 2009-ல் பம்ப் என்று ஒரு ஆப். போனும் போனும் முட்டிக்கொண்டால் நம்பர் மாறும். 2013-ல் கூகுள் அதை வாங்கியது, 2014 ஜனவரியில் கடையைச் சாத்தியது.

இத்தனையும் போன பிறகு பார்த்தால், கடைசிவரை மேஜையில் கிடந்தது அந்த அட்டைத் துண்டுதான். அதற்குச் சார்ஜ் வேண்டாம், அப்டேட் வேண்டாம். ஐபோனில் 2023-ல் வந்த நேம்டிராப் இப்போ அதே முட்டல் வேலையைச் செய்யுது. ரெண்டு பேரிடமும் ஐபோன் இருந்தால் ஜோர். ட்ரெய்னி தேடுகிற பெரியவரிடம் இருப்பது பட்டன் போன் என்றால்?

அதனால் என் கட்சி இதுதான். அட்டை தனியாகவே முழு வேலையும் பார்க்கணும். டெக்னாலஜி அதன் மேல் தூவுகிற கொத்தமல்லி.

க்யூ.ஆர். கோடும் என் 500 கார்டுகளும்

இப்போ என் சொதப்பல் கதை. முதல் கார்டு, 500 பிரதி, மேட் லேமினேஷன், ஓரத்தில் க்யூ.ஆர். கோடு. ஸ்கேன் செய்தால் என் ப்ராஜெக்ட் வீடியோ ஓடும். நெட்டில் 'ஃப்ரீ' என்று போட்டிருந்த ஒரு தளத்தில் கோடு தயார் செய்தேன். பத்து நாள் கெத்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூணாவது வாரம் ஒரு சீனியர் ஸ்கேன் செய்துவிட்டு, "என்னடா, பணம் கட்டச் சொல்லுது?" என்றார். ட்ரயல் முடிந்துவிட்டதாம், மாசச் சந்தா கட்டினால்தான் கோடு வேலை செய்யுமாம். மிச்சம் 430 கார்டு. ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "படிச்ச பிள்ளை பண்ற வேலையைப் பாரு" என்றார்.

நடந்தது என்னன்னா, க்யூ.ஆரில் ரெண்டு ரகம். ஸ்டாட்டிக் என்றால் உங்க விவரமே அந்தக் கட்டங்களுக்குள் இருக்கும். நடுவில் யாரும் கிடையாது. கார்டு கிழிகிற வரை வேலை செய்யும். டைனமிக் என்றால் கட்டங்களுக்குள் இருப்பது அந்தத் தளத்தின் விலாசம். அவர்கள் வீட்டுக்குப் போய், அங்கேயிருந்து உங்க வீட்டுக்கு வழி. அவர்கள் கதவைச் சாத்தினால் நீங்க நடுத்தெருவில். அச்சடிக்கப் போறீங்கன்னா ஸ்டாட்டிக்தான். பின்னால் விவரம் மாறும் என்று தோன்றினால், கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்தில் உங்க பேரில் ஒரு பக்கம் வைத்து, அதன் விலாசத்தை ஸ்டாட்டிக் கோடாக்குங்க. பக்கத்தில் இருப்பதை எப்போ வேணா மாற்றலாம், கோடு மாறாது.

இந்தக் கோடு பிறந்த கதையும் சுவாரஸ்யம். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களை எண்ணுவதற்காக மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது. கோ விளையாட்டின் கறுப்பு வெள்ளைக் காய்களைப் பார்த்து வந்த யோசனை அது. தொழிற்சாலையில் கிரீஸ் படும், கீறல் விழும் என்று தெரிந்தே செய்ததால், உயர்ந்த திருத்த அளவில் அடித்தால் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும்.

கோட்டுக்குள் எவ்வளவு திணிக்கிறோம் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பேர், நம்பர், இமெயில், விலாசம் எல்லாம் சேர்ந்து 150 பைட் வந்தால், நடுத்தரத் திருத்த அளவில் 49-க்கு 49 கட்டம் தேவை. 25 எழுத்துக்குள் ஒரு குட்டி வெப் விலாசம் என்றால் 25-க்கு 25 கட்டமே போதும். கார்டில் கோட்டுக்கு 2 சென்டிமீட்டர் ஒதுக்கினால், முதலாவதில் ஒரு கட்டம் 0.4 மில்லிமீட்டர், ரெண்டாவதில் 0.8. கல்யாண மண்டப வெளிச்சத்தில், கீறல் விழுந்த கேமராவில் எது முதலில் படிக்கும்னு நீங்களே சொல்லுங்க.

தமிழில் பேர் போடுகிறவர்கள் இன்னொரு கணக்கும் போடணும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் குறி. 'செந்தில்' என்று எழுதினால் 8 குறி, 24 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 7 பைட்தான். அதுக்காகத் தமிழை விட வேண்டாம். கார்டின் முகத்தில் பெரிசாகத் தமிழில் போடுங்க, கோட்டுக்குள் விலாசத்தை மட்டும் வைங்க.

கோட்டைச் சுற்றி நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடணும். அழகுக்காக ஃபாயிலில் கோடு அடிக்காதீங்க. பளபளப்பில் கேமரா கண் கூசும்.

தட்டினால் திறக்கும்

அடுத்தது என்.எஃப்.சி. கார்டு. மெட்ரோ ரயில் வாசலில் தட்டுகிற கார்டு இருக்கே, அதே குடும்பம். உள்ளே பேட்டரி கிடையாது. மெல்லிய காயில், ஒரு பொட்டு சிப். போனைப் பக்கத்தில் கொண்டுவந்தால், போன் பரப்புகிற 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொண்டு சிப் விழித்து, உங்க லிங்க்கைச் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கும். நாலு சென்டிமீட்டருக்குள் வரணும்.

இதில் அதிகம் புழங்கும் என்டேக்213 சிப்பில் நீங்க எழுத இருப்பது 144 பைட்தான். லிங்க்குக்குத் தாராளம், போட்டோவுக்கு இடமில்லை. வெற்றுக் கார்டு வாங்கி, போனில் ஒரு இலவச ஆப் போட்டு நீங்களே எழுதிவிடலாம். எழுதி முடித்ததும் லாக் செய்ய மறக்காதீங்க. திறந்து விட்டால், கையில் கிடைத்த குறும்புக்காரன் உங்க லிங்க்கை அழித்து வேற எதையாவது எழுதி வைப்பான். லாக் செய்தால் நீங்களும் மாற்ற முடியாது, அதனால் முதலில் சோதனை.

மெட்டல் கார்டு ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். உலோகம் அந்த அலையை விழுங்கும். நடுவில் ஃபெரைட் தகடு வைத்துத் தயாரித்த கார்டுதான் வேலை செய்யும். ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மாடலிலிருந்து ஆப் இல்லாமலே படிக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. ஐபோனுக்கு ஆன்டெனா உச்சியில், மற்ற பலவற்றுக்கு முதுகில். இன்டர்வியூ நடத்துகிறவர் போனை உங்க கார்டில் இஸ்திரி போடுகிற மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கும் அந்த முப்பது செகண்ட் இருக்கே, நரகம்! அதனால் சிப் கார்டிலும் ஓரமாக ஒரு க்யூ.ஆர். இருக்கட்டும்.

இ.சி.இ. மக்களே, உங்களுக்குத்தான் விருந்து

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்கு அட்டையே வேண்டாம், சர்க்யூட் போர்டே கார்டு. வழக்கமான போர்டு 1.6 மில்லிமீட்டர் தடிமன். 0.8 என்று சொல்லி ஆர்டர் செய்தால் பர்ஸில் நுழையும். கறுப்புப் பூச்சு, அதன் மேல் தங்க முலாம் பூசின செம்பில் உங்க பேர். கிகேட் என்ற இலவச மென்பொருளில் வரையலாம், எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.

2014-ல் கெவின் பேட்ஸ் என்ற அமெரிக்கர் இப்படித்தான் கார்டு அளவில் வீடியோ கேம் விளையாடுகிற போர்டு செய்து காட்டினார். அது பரபரப்பாகி, 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, ஆர்டுபாய் என்ற பேரில் விற்பனைக்கே வந்தது. 2019-ல் ஜார்ஜ் ஹில்லியார்ட் என்ற எம்பெடட் இன்ஜினீயர் ஒரு படி மேலே போனார். அவர் கார்டை யு.எஸ்.பி.யில் செருகினால் லினக்ஸ் பூட் ஆகும்! உள்ளே அவருடைய ரெஸ்யூமே, ஒண்ணு ரெண்டு கேம். ஒரு கார்டுக்கு ஆன செலவு மூணு டாலருக்கும் கீழே என்று கணக்கு போட்டுக் காட்டி, டிசைனையும் வெளியிட்டார். 'லினக்ஸ் தெரியும்' என்று ரெஸ்யூமேயில் ஒரு வரி எழுதுவதற்கும் இதற்கும் எத்தனை தூரம்!

நம்ம லெவலில் ஒரு எல்.இ.டி. எரிந்தாலே போதும். பேட்டரி விஷயத்தில் மட்டும் கவனம். சி.ஆர்.2032 என்ற நாணய பேட்டரியின் பேரிலேயே அளவு இருக்கு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கார்டு மெலிசு, பேட்டரி தொப்பை என்று ஆகிவிடும். என்.எஃப்.சி. சிப்களில் சில, போனிலிருந்து எடுக்கிற சக்தியில் ஒரு சின்ன எல்.இ.டி.யையும் எரிய வைக்கும். போன் பக்கத்தில் வந்தால் மட்டும் விளக்கு எரிகிற கார்டு!

நெட்டில் கிடைத்த டிசைனை அப்படியே ஆர்டர் போட்டுவிட்டுப் பெருமை பேசாதீங்க. வாங்கிப் பார்க்கிறவர் சும்மா விடமாட்டார். "3 வோல்ட் பேட்டரி, 2 வோல்ட் எடுக்கிற சிவப்பு எல்.இ.டி., 220 ஓம் ரெசிஸ்டர். எவ்வளவு கரன்ட் ஓடுது?" என்பார். நாலரை மில்லி ஆம்பியர் என்று டக்கென்று வரணும். வரலைன்னா கார்டு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மத்த டிபார்ட்மென்ட் என்ன பாவம் பண்ணுச்சு?

சிவில் நண்பர்கள் கார்டில் மில்லிமீட்டர் ஸ்கேல் அடிப்பது வழக்கம். நல்ல யோசனை, சைட்டில் உண்மையிலேயே உதவும். ஆனால் ஓரத்தில் இருந்து ஸ்கேலைத் தொடங்காதீங்க. பிரஸ்ஸில் நூறு கார்டை அடுக்கி வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போறது சகஜம். சைபரே தப்பாக இருக்கிற ஸ்கேலைக் கொடுக்கிற இன்ஜினீயரை நம்பி யார் வீடு கட்டுவா? ஸ்கேலைக் கார்டின் உள்பக்கமாகத் தொடங்கி உள்பக்கமாகவே முடிச்சுடுங்க.

விஸ்காம் மாணவி ஒருத்தர் வைத்திருந்த கார்டு இன்னும் கண்ணில் நிக்குது. நடுவில் 36-க்கு 24 மில்லிமீட்டரில் ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார். ஃபுல் ஃப்ரேம் கேமரா சென்சாரின் நிஜ அளவு அது. கண்ணருகே பிடித்தால் ஃப்ரேம் கட்டிப் பார்க்கலாம். வாங்கின ஒவ்வொருத்தரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே இருப்பவரைப் பார்த்தார்கள். பேரைப் படித்தது அதுக்கப்புறம்தான்!

டெக்ஸ்டைல் படிப்பவர் என்றால் ஈரோடு, சென்னிமலைப் பக்கம் தறியிலிருந்து ஒரு துண்டுத் துணி வாங்கி, ரெண்டு சென்டிமீட்டர் சதுரமாகக் கார்டில் ஒட்டி, பாவு எத்தனை, ஊடை எத்தனை, நூல் என்ன கவுன்ட் என்று பக்கத்தில் எழுதுங்க. துணி தெரிந்தவர் விரலால் தடவிப் பார்த்து, நீங்க எழுதினது சரியா என்று மனசுக்குள் எண்ணுவார். அந்த எண்ணிக்கையிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

வேளாண் கல்லூரிக்காரர்களுக்கு விதைக் காகிதம். காகிதக் கூழிலேயே துளசி, முளைக்கீரை மாதிரி பொடி விதைகளைக் கலந்து காய வைத்தது. லேசர் பிரிண்டரில் விட்டால் சூட்டில் விதை செத்துடும், ஸ்கிரீன் பிரிண்டிங்தான் தோது. லேமினேஷன் கூடாது. விதைக்கும் ஆயுசு உண்டு, அதனால் ஆயிரம் அடித்து அலமாரியில் பூட்டாமல் அப்பப்போ கொஞ்சமாக.

"நாங்க பி.ஏ. தமிழ், எங்களுக்கு என்ன ஹைடெக்?" என்று கேட்கிறது காதில் விழுது. பதிப்பகங்களில் பிழை திருத்துநர் வேலைக்கு முயற்சி பண்றீங்களா? கார்டில் 'தொலைப்பேசி' என்று வேண்டுமென்றே அச்சடித்து, நடுவில் இருக்கும் 'ப்'-ஐச் சிவப்பு மையில் திருத்தக் குறி போட்டு அடியுங்க. நம்பர் அதுக்குக் கீழே. எடிட்டர் சிரிச்சுட்டாருன்னா பாதி வேலை முடிஞ்சது.

சட்டக் கல்லூரி நண்பர்கள் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகு பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 36-வது விதி குறுக்கே நிற்கும். விளம்பரம் கூடாது, இந்த வகை வழக்கில் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டிலோ எழுதுபொருளிலோ போடவும் கூடாது. உங்களுக்கு வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்துதான் கெத்து.

நான் பார்த்ததில் மனசைத் தொட்ட ஹைடெக் எது தெரியுமா? பிரெய்ல். சிறப்புக் கல்வி படிக்கிற ஒரு தோழி தன் கார்டில் அச்சுக்கு மேலேயே பிரெய்ல் புள்ளிகளைக் குத்தியிருந்தார். ஒரு எழுத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம் வேணும். அதனால் ஒரு வரிக்குப் பதிமூணு எழுத்துதான் பிடிக்கும். எண் என்று காட்டுகிற குறி ஒன்று, போன் நம்பர் பத்து, மொத்தம் பதினொன்று. கச்சிதமாக ஒரே வரியில் உட்கார்ந்தது. "இதுவரை எத்தனையோ பேர் கார்டு கொடுத்திருக்காங்க. நானே படிச்ச முதல் கார்டு இதுதான்னு ஒரு சார் சொன்னார்" என்றார் தோழி.

பிரஸ்ஸுக்குப் போகும்போது...

ஆர்டர் கொடுக்கும்போது நடக்கிற தப்புகள் தனி ரகம். போன் ஸ்கிரீனில் ஜொலிக்கிற நீலத்தை நம்பிப் போவீங்க, அச்சில் அது மங்கி வரும். ஸ்கிரீன் ஒளியால் நிறம் காட்டுது, அச்சு நாலு மையால் காட்டுது, அதான். ஃபைலை ஆரம்பத்திலேயே சி.எம்.ஒய்.கே.யில் வையுங்க. வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கலரை நீட்டி விடுங்க, இல்லாட்டி ஓரத்தில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். ரொம்ப மலிவாக ஆயிரம் கார்டு என்கிறார்களே, அது பல பேர் கார்டை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிப்பது. பக்கத்துக் கார்டின் கலருக்காக உங்க கலர் கொஞ்சம் இழுபடும். நூறு போதும் என்றால் டிஜிட்டல் அச்சு. பிளேட் செலவு கிடையாது.

தமிழ் எழுத்து உடைவது இன்னொரு தலைவலி. வீட்டில் யூனிகோடில் 'கொ' என்று ஒழுங்காக இருப்பது, பிரஸ்ஸில் பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஓடும். எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி பி.டி.எஃப். கொடுத்துட்டா தப்பிக்கலாம்.

அப்புறம் ப்ரூஃப். 2000-ல் வந்த 'அமெரிக்கன் சைக்கோ' படத்தில், பெரிய ஆபீசர்கள் ஆளாளுக்குத் தங்கள் கார்டை எடுத்துக் காட்டி அலட்டிக்கொள்கிற காட்சி ரொம்பப் பிரபலம். தாளின் தடிமன் என்ன, எழுத்துரு என்ன என்று அப்படி ஒரு போட்டி. வேடிக்கை என்னன்னா, அத்தனை கார்டிலும் கம்பெனி பேரில் இருக்கும் 'அக்விசிஷன்ஸ்' என்ற வார்த்தையில் ஒரு 'சி' காணோம்! அதனால் பிரஸ்காரர் நீட்டுகிற ப்ரூஃபில் அவசரக் கையெழுத்து வேண்டாம். நம்பரைக் கடைசியிலிருந்து முதலுக்கு, ஒவ்வொரு இலக்கமாகப் படிங்க. அதைவிட நல்லது, ப்ரூஃபைப் பார்த்தே டயல் பண்ணி உங்க போன் அடிக்குதான்னு பாருங்க.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை. கார்டு யார் கை மாறி யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. சொந்த நம்பர், வீட்டு விலாசம், ஹாஸ்டல் பேர் எதுவும் தேவையில்லை. வேலைக்கென்று தனி இமெயில், முடிந்தால் தனி சிம். நம்பர் இல்லாத கார்டு அடித்து, நம்பிக்கை வந்தவருக்கு மட்டும் பேனாவால் எழுதிக் கொடுக்கிற தோழிகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல பழக்கம். அதுக்காகவே பின்பக்கத்தை லேமினேஷன் இல்லாமல் விடச் சொல்லுங்க, வழவழப்பில் பேனா எழுதாது. 7-ஐயும் 1-ஐயும் மட்டும் என்னை மாதிரி எழுதிடாதீங்க!

அளவு? ஏ.டி.எம். கார்டு 85.6-க்கு 54 மில்லிமீட்டர். பர்ஸின் அறைகள் எல்லாம் அதுக்காகத் தைத்தவை. நம்ம ஊரில் வழக்கமான மூன்றரை அங்குலத்துக்கு ரெண்டு அங்குலக் கார்டு அதில் உட்கார்ந்துடும். வட்டம், முக்கோணம், மாங்காய் வடிவம் எல்லாம் அழகுதான், சொருக இடம் இருக்காது.

எல்லாம் முடிந்து மாதிரி கார்டு ஒன்று கைக்கு வந்ததும், வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்கள் கையில் கொடுங்க. கண்ணாடி எங்கே என்று தேட விடாதீங்க. "பாட்டி, இதுல இருக்கிற நம்பருக்கு ஒரு போன் போடுங்க"ன்னு சொல்லிட்டு வாசலில் போய் நில்லுங்க. உங்க போன் அடிச்சா பிரஸ்ஸுக்கு ஓகே சொல்லிடலாம். பக்கத்து வீட்டு போன் அடிச்சா, எழுத்தை ரெண்டு பாயின்ட் கூட்டுங்க.